பதினேழாவது பதிவு

மறுபடியும் அதே சத்தம். நீளமாக ஒன்று, பிறகு வெட்டி வெட்டி மூன்று, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நீளமாக ஒன்று. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி சுற்றுகிறது, முன்னால் பச்சை விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாக, அதில் தவமணியின் முகமும் அவளுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கம்பிகளும். மணி ஏழே முக்கால். எட்டரைக்கெல்லாம் ரிப்போர்ட் வாங்க ஆட்கள் வந்துவிடுவார்கள், இப்போதே வெளியே பெஞ்சில் ரெண்டு பேர் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. பதினோரு வருஷமாகப் பட்டுக்கோட்டையின் இந்த ஸ்கேன் சென்டரில் இதே நாற்காலியில் உட்கார்ந்து டாக்டர் ரெங்கராஜன் சொல்லுகிறதை அவள்தான் தட்டச்சு செய்கிறாள். சொல்லுகிறது என்றால் எதிரில் இருந்து சொல்வதில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன பிறகு அவர் இதே கம்ப்யூட்டர் முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு, அன்றைக்கு வந்தவர்களை டோக்கன் வரிசையில் ஒவ்வொருவராகப் பேசிப் பதிந்துவிட்டுப் போவார். காலையில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் குரலை எழுத்தாக்குவாள். நேற்று இருபத்திமூன்று பேர். பதினாறாவது, வயிற்று வலி என்று வந்த ஒரு பால்காரர். பதினெட்டாவது, கழுத்தில் கட்டியோடு வந்த ஒரு டீச்சர். நடுவில் பதினேழாவதாக, நோட்டில் அவளே தன் கையெழுத்தில் எழுதினாள்: தவமணி, வயது நாற்பத்திநாலு, இடது மார்பு. வேறு யாருடைய பெயரையோ எழுதுவது போல எழுதிவிட்டு, வேறு யாரோ போலவே உள்ளே போய்ப் படுத்தாள். அந்தக் குரல் இப்போது இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, நல்லது, என்று சொன்னதை அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அருள்தாஸுக்குப் போன் போட்டாள். தஞ்சாவூரில் கடை வைத்திருக்கிறவர், ஐம்பதை நெருங்குகிற மனுஷன், இந்த சென்டரில் எது கெட்டாலும் அவர்தான் வந்து பார்ப்பார். ஒரத்தநாட்டில் வேறு வேலையில் இருக்கிறேன், ரெண்டு மணிக்கு முன்னால் வர முடியாது என்றார். பிறகு, "போனை அந்தப் பெட்டிகிட்ட வைங்க மேடம், சத்தத்தைக் கேக்குறேன்" என்றார். அவள் வைத்தாள். கதவுக்கு வெளியே நின்று நெஞ்சுச் சளியைக் கேட்கிற டாக்டர் மாதிரி அந்தப் பக்கம் அவர் சும்மா இருந்தார். நீளமாக ஒன்று, வெட்டி வெட்டி மூன்று. பேசாமல் இருக்கிற ஆட்களைக் கண்டால் அவளுக்கு இப்போது பயம். நேற்று டாக்டர் இப்படித்தான் இருந்தார். அவர் சும்மா இருக்கிற ஆளே இல்லை, யார் படுத்தாலும் வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டே, எந்த ஊரு, கஜா புயல்ல தென்னை எத்தனை நின்னுச்சு, இப்ப புதுசா வச்சது பாளை விட்டுருச்சா என்று கேட்டுக்கொண்டேதான் பார்ப்பார், ஜனங்களும் மரத்தை எண்ணிச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கேன் முடிந்துவிடும். அவளிடமும் ஆரம்பித்தார். "ஒன் வீட்டுக்காரர் ஊர்ல, அந்த..." என்றார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாக்கியம் இன்னும் அந்த அறையில் பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"ராம் மேடம். வேற ஒண்ணும் இல்ல, உள்ள இருக்கற மெமரி அட்டை, அந்த ராம்தான் சரியா உக்காரல" என்றார் அருள்தாஸ். "பயப்படாதீங்க, நான் சொல்லச் சொல்ல நீங்களே பண்ணிரலாம். மொதல்ல கரண்ட்டு வயரை உருவுங்க. உருவிட்டு அந்தப் பொத்தானை ஒரு அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க, உள்ள தங்கியிருக்கற கரண்ட்டு எறங்கட்டும்." அவள் அமுக்கிப் பிடித்தாள். விசிறி ஒரு தரம் நடுங்கி நின்றது. உருவிய பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பின்பக்கம் ரெண்டு திருகாணி, கையாலேயே வந்தது. பக்கவாட்டுத் தகட்டைப் பின்னுக்கு இழுத்தபோது பழைய துணிமூட்டையைப் பிரித்தது போலப் புழுதி வாசம். சாம்பல் நிறத் தூசி எல்லாவற்றின் மேலும் மெத்தென்று படிந்திருந்தது, ஓரத்தில் பல்லி முட்டை ஓடு ரெண்டு. பதினோரு வருஷம் முட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த பெட்டி, உள்ளே இப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வெளியே ஒரு குறையும் தெரியவில்லையே. தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்துத்தானே வைத்தாள். குளிக்கும்போது சோப்பு வழுக்கிக்கொண்டு போன இடத்தில் விரல் ஏதோ ஒன்றில் ஏறி இறங்கியது சித்திரை மாசம். மதுமதியை நர்சிங் காலேஜில் சேர்க்கிற அலைச்சல், சர்டிபிகேட்டு, ஹாஸ்டல், சேர்த்துவிட்டு வரட்டும் என்று இருந்தாள். சேர்த்துவிட்டு வந்தாள். அப்புறம் அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு டைபாய்டு, பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குப் போகாமல் இருபது நாள் படுத்திருந்தார், எழுந்திருக்கட்டும் என்று இருந்தாள். எழுந்தார். ஆவணி வந்துவிட்டது. இவ்வளவுக்கும் அவள் யார். மற்றவர்களுக்கு, ஏம்மா இவ்ளோ நாள் விட்டீங்க, என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள், அந்தக் குரலில் எவ்வளவு அதட்டல் இருந்தது.

"இரும்பு தெரியுதுல்ல, அதை ஒரு தரம் தொட்டுக்கங்க. அப்பறம் நீட்டமா, பச்சை அட்டை, சீப்பு மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும் பாருங்க ரெண்டு." பார்த்தாள், நின்றன. "ரெண்டு முனையிலயும் வெள்ளையா கொக்கி இருக்கும், வெளிப்பக்கமா தள்ளுங்க, அதுவா மேல எழும்பும்." தள்ளினாள். ஒன்று எழும்பியது, இன்னொன்று வரவில்லை. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கை உள்ளே போய் எதிலோ இடித்து, ஒரு சிவப்பு வயர் மேல் விழுந்து, வெளியே வந்தது. பச்சை அட்டையின் கீழ் விளிம்பில் பொன்னிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள், மேலே மங்கலான அழுக்கு. ரப்பர் வைத்துத் தேய்க்கச் சொன்னார் அருள்தாஸ், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கிற ரப்பர். மேசை இழுப்பறையில் இருந்தது. மெதுவாகத் தேய்த்தாள், மெதுவாக, மெதுவாக என்று அவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அவள் மெதுவாகத் தேய்த்தது அவர் சொன்னதால் அல்ல. இது சரியாகிவிடும். அவருடைய குரலிலேயே தெரிகிறது, இது சின்ன விஷயம், சரியாகிவிடும், அதன் பிறகு பதினேழு. நேற்று டாக்டர் அந்தக் கருவியை வைத்து அமுக்கியபோது குளிர்ந்தது. பிறகு அந்தச் சத்தம், டிக், டிக். யாரும் அதைக் கவனிப்பதில்லை. படுத்திருக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. இவளுக்குத் தெரியும். இந்த முனையில் ஒரு டிக், அந்த முனையில் ஒரு டிக், நடுவில் மிஷின் கோடு போட்டு இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லும். குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம். நாலு டிக். ஒன்றுமில்லாத இடத்தை யாரும் அளப்பதில்லை. நாலாவது டிக்குக்குப் பிறகு அவர் அதையே திரும்பவும் அளந்தார்.

மல்லிப்பட்டினத்திலிருந்து வந்த அந்த அம்மா. ரெண்டு வருஷம் இருக்கும், மீன் ஏலம் எடுக்கிறவள், பெயர்கூட ஞாபகம் இருக்கிறது, ஆரோக்கிய மேரி. அவளுடைய ரிப்போர்ட்டைத் தட்டியபோது தவமணி ஒரு கையால் இட்லி தின்றுகொண்டிருந்தாள். அந்தச் சொற்களுக்கெல்லாம் மூன்று எழுத்துத் தட்டினால் போதும், மீதியை மிஷினே நிரப்பிக்கொள்ளும். ஓரம் ஒழுங்கில்லை, அகலத்தைவிட உயரம் கூட, பின்னால் நிழல் விழுகிறது. அவ்வளவு பெரிய சொற்கள், மூன்று மூன்று எழுத்து. ஒரு வாய் இட்லிக்குள் அடங்கிவிட்டது. பிறகு ஒரு வருஷம் கழித்துக் காய்கறிக் கடையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, "நீங்க ஸ்கேன்ல இருக்கறவங்கதானே" என்று சிரித்தாள். அதே மேரிதான், புருவம் இல்லை. தவமணியும் சிரித்தாள், நல்லாருக்கீங்களா என்று கேட்டாள், பதிலுக்கு நிற்காமல் தேங்காயைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் போனாள். ஏன் போனாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளவா போகிறது. இன்றைக்கு அவள் எங்கே இருப்பாள். இருப்பாள். இருப்பாள்தான். ரப்பர்த் தூள் மடியில் விழுந்திருந்தது. ரெண்டாவது அட்டையின் பற்கள் பளபளவென்று ஆகிவிட்டன, இனிமேல் தேய்க்க ஒன்றுமில்லை.

"என்னாச்சு மேடம்? மாட்டிட்டீங்களா?" மாட்டினாள். ஒரு பக்கம் டக்கென்று உட்கார்ந்தது, இன்னொரு பக்கம் முரண்டு பிடித்தது, கட்டைவிரலால் அழுத்தினாள், இடது கையைத் தூக்கி அழுத்தும்போது அக்குளுக்குப் பக்கத்தில் எங்கேயோ இழுத்தது, இழுத்ததா, இல்லை நினைப்பா, நேற்றிலிருந்து உடம்பில் எல்லா இடமும் வலிக்கிறது, எல்லா இடத்திலும் இருக்கிறது போல இருக்கிறது. டக். கரண்ட் வயரைச் சொருகினாள். பொத்தானை அமுக்கினாள். ஒரே ஒரு குட்டிச் சத்தம், பிறகு அமைதி, பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் குதித்து வந்தன. அவள் அந்த எழுத்துகளை அருள்தாஸுக்கு வாசித்துக் காட்டினாள். தேதி தப்பு என்றது. ஜனவரி ஒன்று, ரெண்டாயிரத்து ஒன்பது. "உள்ள ஒரு வட்ட பேட்டரி செத்துருக்கும், வயரை உருவினதுல நாள் கிழமையெல்லாம் மறந்துருச்சு. அது கெடக்கட்டும், எஃப் ஒன்னு அமுக்குங்க." அவள் உடனே அமுக்கவில்லை. ரெண்டாயிரத்து ஒன்பது. மதுமதி அப்போது கைக்குழந்தை, இடது பக்கம்தான் பால் நிறைய வரும், வலது பக்கம் வாய் வைக்கவே மாட்டாள், கலியமூர்த்தி அவளை ஓரவஞ்சனைக்காரி என்று கேலி பண்ணுவார். இந்தப் பெட்டிக்கு இப்போது அந்த வருஷம்தான். சித்திரை மாசம் இன்னும் வரவில்லை, நேற்று இன்னும் வரவில்லை. இப்படியே விட்டால் என்ன. எஃப் ஒன்னு, மேடம், மேலே இடது பக்கம் இருக்கும். அமுக்கினாள். எழுத்துகள் ஓடின. கடைசி வரியை ரெண்டு தரம் வாசித்தாள். ஹார்ட் டிஸ்க் இல்லை என்று வந்திருந்தது.

அருள்தாஸின் குரல் கொஞ்சம் மாறியது. "இல்லைன்னா வருது? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. மேடம், ராமை எடுக்கையில ஏதாவது வயரு மேல கை பட்டுச்சா? சிவப்பா ஒரு வயரு, பட்டையா. அது டிஸ்க்குல நல்லா சொருவியிருக்கா பாருங்க." அவள் குனிந்தாள். பார்ப்பதற்கு ஒன்றும் சிரமமில்லை. சிவப்பு வயர் டிஸ்கை விட்டுக் கழன்று, விரற்கடை தூரத்தில் அந்தரத்தில் நின்றது. சொருகுகிற வாய் அதற்கு நேரே திறந்திருந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும். "இருக்குங்க" என்றாள் தவமணி. "நல்லா உள்ள போயிருக்கா?" "ம். போயிருக்கு." தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே திடுக்கென்றது. "அப்ப டிஸ்க்குதான் போயிருச்சு போல. ஒண்ணும் நோண்டாதீங்க. நான் ரெண்டு மணிக்கு வந்து பாக்குறேன். நேத்துப் பேசினதெல்லாம் மறுபடி டாக்டரையே பேசச் சொல்ல வேண்டியதுதான், என்ன பண்றது" என்று போனை வைத்துவிட்டார். ரெண்டு மணி. ஆறு மணி நேரம். அவள் நாற்காலியில் சாய்ந்தாள். கால் விரல் வரைக்கும் ஏதோ இளகியது. இப்படி ஒரு நிம்மதி நாலு மாசமாக இல்லை. பொய்யென்று தெரிந்த நிம்மதிதான், இருந்தாலும் உடம்பு அதைப் பார்க்கவில்லை, வெயிலில் வந்தவன் யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்காமல் குடிப்பது போலக் குடித்தது. டாக்டர் இன்றைக்குப் பேராவூரணியில் கேம்ப், பதினோரு மணிக்கு வருவார், வந்தால் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்துகொள்ளலாம், பார்த்தாலும் அவர் வாயால் சொல்லமாட்டார், மற்றவர்களுக்கும் அப்படித்தான், ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கும்மா என்பார். ரிப்போர்ட் இல்லை. இல்லாத ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை. ஒருவேளை டிஸ்க் நிஜமாகவே. ஒருவேளை நேற்று அவர் அளந்தது சும்மா ஒரு நீர்க்கட்டியை. நீர்க்கட்டியையும் அளப்பார்கள்தானே. அளப்பார்கள். ஆனால் நீர்க்கட்டி என்றால் சிரிப்பாரே. தண்ணிம்மா, வெறும் தண்ணி, என்று எத்தனை பேருக்குக் கதவு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்.

கதவு திறந்து நூர்ஜகான் அக்கா தலையை நீட்டினாள். சென்டரில் கூட்டிப் பெருக்கி, உள்ளே அனுப்பி, வெளியே அனுப்பி எல்லாம் பார்க்கிறவள். "மிஷினு சரியாச்சா புள்ள? மதுக்கூர்லேருந்து அந்த வயித்துப் புள்ளக்காரி வந்திருக்கு, ரேணுகாதேவி. நேத்துப் பாத்தமுல்ல, தண்ணி கொறஞ்சிருக்குன்னு. ரிப்போர்ட்டோட வான்னு லேடி டாக்டரு சொல்லிருக்காங்களாம். மாமியாக்காரி வெளிய நின்னு சத்தம் போடுது." இன்னும் ஆகலைக்கா, ரெண்டு மணி ஆகும், என்று தவமணி சொன்னாள். சொல்லும்போது திறந்த பெட்டியை முழங்காலால் மறைத்துக்கொண்டது போல இருந்தது. நூர்ஜகான் போனாள். வெளியே மாமியார் குரல், "ரெண்டு மணியா? காலைல வந்து வாங்கிக்கன்னுதானே சொன்னீங்க?" அப்புறம் மெல்லிசாக இன்னொரு குரல், அந்தப் பெண்ணுடையதுதான், இருபது இருபத்தொன்றுதான் இருக்கும். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை, நூர்ஜகானிடமா, மாமியாரிடமா. "விடியக்காலைலேருந்து அசையவே இல்லக்கா. நான் தூங்குதுன்னு நெனச்சுட்டேன்."

தவமணி எழுந்து போனது அவளுக்கே தெரியாது. கதவருகே நின்றபோதுதான் தெரிந்தது. "அக்கா, இவங்க இங்க நிக்கக் கூடாது. ஆட்டோ கூப்பிடுங்க. நேரா லேடி டாக்டருகிட்ட போகச் சொல்லுங்க, ரிப்போர்ட்டு பின்னாலயே வரும், நான் போன்ல அனுப்பறேன்." மாமியார் ஏதோ கேட்டாள். "போங்கம்மா, மொதல்ல போங்க" என்று தவமணி கத்தினாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் குற்றம் ஒன்றும் இல்லை, கேள்விதான். திரும்பி உள்ளே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அருள்தாஸ் போனை வைத்துப் பதினோரு நிமிஷம். பதினோரு நிமிஷம் அவள் அந்த நாற்காலியில் சாய்ந்து கிடந்திருக்கிறாள். அந்தப் பெண் தூங்குதுன்னு நினைச்ச மாதிரி. கரண்ட்டை உருவினாள், சிவப்பு வயரைப் பிடித்து அந்த வாயில் வைத்து அழுத்தினாள். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான். பொத்தான். எழுத்துகள். எஃப் ஒன்னு. தென்னந்தோப்புப் படம் போட்ட பழைய திரை, அதில் மஞ்சள் மஞ்சளாகக் கோப்புகள், ஒன்றும் நடக்காதது போல.

ஒன்பதாவது பதிவை எடுத்தாள். ரேணுகாதேவி, இருபத்தொன்று, முப்பத்தாறு வாரம். டாக்டரின் குரல் காதுக்குள் வந்தது, சளி கட்டிய, அவசரப்படாத குரல், சாயங்காலக் குரல். விரல்கள் ஓடின. தலையின் அளவு, தொடை எலும்பின் அளவு, நீரின் அளவு, அதைச் சொல்லும்போது அவர் ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார், அதை மட்டும் அவள் தட்டவில்லை. அச்சடித்து, போனில் படம் எடுத்து லேடி டாக்டரின் நர்ஸுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு ஒன்றாவது, ரெண்டாவது, மூன்றாவது பதிவுகளைத் தட்டினாள். வெளியே இருக்கிறவர்களுக்கு நூர்ஜகான் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். நாலாவதைத் தட்டும்போது நர்ஸிடமிருந்து செய்தி வந்தது: கிடைச்சுது, துடிப்பு இருக்கு, தியேட்டருக்குள்ள கொண்டு போறாங்க. துடிப்பு இருக்கு என்பதை அவள் மூன்று தரம் படித்தாள். நாலாவதில் ஒரு எழுத்துப் பிழை கண்ணில் பட்டது, திருத்தினாள். ஐந்து. ஆறு. வரிசைப்படி போனால் பதினேழு தானாக வரும், அப்படி வரட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் கண் அந்தப் பட்டியலிலேயே கீழே கீழே போயிற்று. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே எவ்வளவு நேரம் என்று இருக்கும். ஒரு நிமிஷம், ஒன்றேகால் நிமிஷம், ஐம்பது விநாடி. பால்காரருக்கு நாற்பது விநாடி. பதினேழாவதற்கு ஆறு நிமிஷம் இருபது விநாடி.

ஆறு நிமிஷம் ஒருத்தர் என்ன பேசுவார். நல்ல செய்தியை ஆறு நிமிஷம் யாரும் பேசுவதில்லை. அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹெட்போன் காதை அழுத்தியது, உள்ளே தன் ரத்தம் ஓடுகிற சத்தம், கடலுக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் புயல் நாளில் கேட்ட மாதிரி ஒரு ஊளை, தூரத்தில். அமுக்கினாள். முதலில் எல்லோருக்கும் போலத்தான் வந்தது. தவமணி கலியமூர்த்தி, நாற்பத்திநாலு, பெண், இடது மார்பு. விரல்கள் அதைத் தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தன. அடுத்த சொல் வரவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. ஏசி ஓடியது. தெருவில் ஒரு பஸ் ஹாரன், எங்கோ ஒரு கதவு. நேற்றைய சாயங்காலம் பூராவும் இவள் காதுக்குள் இருந்தது, அதன் நடுவில் ஒரு மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு, "தவமணி" என்றார்.

"தவமணி, காலைல இத நீதான் கேப்பேங்கறது இப்பத்தான் எனக்கு ஒறைக்குது. இன்னிக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். நீ எந்திரிச்சுத் தொடச்சுக்கிட்டு, பதினெட்டாம் நம்பரைக் கூப்பிடட்டுமா டாக்டர்னு கேட்ட. கூப்பிடுன்னுட்டேன். போன் பண்ணலாம்னு மூணு தரம் எடுத்தேன், வச்சுட்டேன்." மறுபடி மூச்சு. "ஒங்கிட்ட சுத்தி வளைச்சுப் பேச முடியாதும்மா, பதினோரு வருஷமா நீ தட்டுற சொல்லுதான். கடிகாரத்துல ரெண்டு மணி இருக்கற திசையில, ஒண்ணு புள்ளி ஒம்போது சென்டிமீட்டர். ஓரம் சரியில்ல. அக்குள்ள ஒரு நெறி இருக்கு, அது சும்மாவும் இருக்கலாம். ஊசி போட்டு எடுத்துப் பாக்காம எவனும் முடிவு சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா ஒரு நாள் தள்ளக் கூடாது. தஞ்சாவூர்ல எங்கூடப் படிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்க, பேசிட்டேன், வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. கலியமூர்த்தியக் கூட்டிக்கிட்டுப் போ. இதத் தட்டாத. நான் வந்து எழுதித் தர்றேன்." அப்புறம் அவர் எழுந்த சத்தம், திரும்ப உட்கார்ந்த சத்தம். "நம்பர் கேப்ப நீ. நாலு." கொஞ்சம் பொறுத்து, யாருக்கோ கேட்டுவிடும் போல மெல்ல, "சி" என்றார். அதன் பிறகு வெறும் ஏசியின் சத்தம் மூன்று நிமிஷத்துக்குப் பக்கமாக ஓடி நின்றது. அணைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார் போல.

ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கடைசியிலும் அந்த எண் வரும். ரெண்டு என்றால் ஒன்றுமில்லை, மூன்று என்றால் ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம், ஐந்து என்றால் ஐந்து. நாலுக்குள்ளே மூன்று படி உண்டு, ஏ, பி, சி. மூன்றாவது படியில் நிற்கிறவர்களுக்கு அடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயம் அவள் நினைத்த மாதிரி வரவில்லை, கத்திக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தாள், அது ஏற்கெனவே அறைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. தட்டாதே என்கிறார். ஏன் தட்டக் கூடாது. தட்டாவிட்டால் அது அவர் குரலிலேயே, அந்த மூச்சிலேயே, அறை பூராவும் அளவில்லாமல் இருக்கும். அவள் விரலை வைத்தாள். இடது மார்பு, ரெண்டு மணி திசையில், ஒன்று புள்ளி ஒன்பது. ஓரம் ஒழுங்கில்லை என்பதற்கு மூன்று எழுத்துத் தட்டியதும் மிஷின் மீதியை நிரப்பிக்கொள்ளப் பார்த்தது. அவள் அதை அழித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டினாள். அக்குள் நெறி. ஊசிப் பரிசோதனை தேவை. நாலு சி. பெயரில் எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அச்சடித்தாள். ஒரே ஒரு தாள்தான், சூடாக வந்தது.

நூர்ஜகான் டீயோடு வந்து நின்றாள். "ஏழாம் நம்பரு கேக்குறாரு புள்ள, தட்டிட்டியா?" என்றவள் அவள் முகத்தைப் பார்த்து டீயை மேசையில் வைத்தாள். "என்ன, அந்தப் புள்ளைக்கு எதுவும் ஆயிருச்சா?"

"இல்லக்கா. அது நல்லாருக்கு, உள்ள கொண்டு போயிருக்காங்க." தவமணி தாளை மடியில் வைத்துக்கொண்டாள். கலியமூர்த்தியின் பஸ் இந்நேரம் அறந்தாங்கி தாண்டியிருக்கும், டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார், போன் எடுக்கமாட்டார். மதுமதிக்கு வகுப்பு. அதற்கெல்லாம் முன்னால் இந்தச் சொல் தன் வாயிலிருந்து எப்படி வருகிறது என்று ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. "ஏழாம் நம்பர ஒரு பத்து நிமிஷம் இருக்கச் சொல்லுங்க. சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டு வந்து இங்க உக்காருங்கக்கா. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."